ஒரு வண்டி, இரண்டு சோடிச் சக்கரங்கள்

அரிமளத்தில் 'கிராவல்' என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. டிப்பர் லாரியில் ஏறி வந்து, வீடு கட்டும் இடத்தில் கொட்டப்பட்டு, அடுத்த மழை வரை தெருவையே சிவப்பாக்கிவிட்டுக் கிடக்கும் சரளைச் செம்மண்தான் கிராவல். ஆகவே, 2022ஆம் ஆண்டு நாங்கள் 'கிராவல் பைக்' ஒன்றை வாங்கியிருப்பதாக எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது, அவர் திண்ணையிலிருந்து எழாமலே, "எத்தனை யூனிட் ஏத்தும்?" என்று கேட்டதில் வியப்பொன்றுமில்லை.

ஏற்றாது. அதில் கேரியர்கூட இல்லை. ஆட்டுக் கிடாயின் கொம்பு போல் முன்புறம் வளைந்து இறங்கும் கைப்பிடி, வட்டத்தகட்டு பிரேக், சாதாரணப் பந்தய வண்டியில் நுழையாத அகலமான டயர்களையும் உள்வாங்கிக்கொள்ளும் கவடு, இவ்வளவுதான் அந்த வண்டி. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துக் கப்பிச் சாலைகளில் 2006இல் தொடங்கிய நெடுந்தொலைவுப் பந்தயம் போன்றவற்றின் வழியே இவ்வகை மிதிவண்டி உருப்பெற்றது. 2022இல் இதற்கென்றே தனி உலகப் போட்டி இத்தாலியில் நடத்தப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்த வரலாற்றுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது, காலையில் செம்மண்ணிலும் அதன்பின் தாரிலும் ஓடக்கூடிய ஒரே வண்டி. இரண்டு வண்டி வாங்கப் பணமில்லை.

இங்கே 'நாங்கள்' என்று எழுதுவது அண்ணன் தம்பி இருவரை. இக்கட்டுரையை இருவருமாகவே எழுதுகிறோம். ஒருவர் மட்டும் இருந்த இடங்களையும் 'நாங்கள்' என்றே சொல்லப்போகிறோம். கீழே விழுந்தவர் யார், விழக் காரணமானவர் யார் என்ற கணக்கு வீட்டுக்குள் தீர்ந்துபோன ஒன்று. அதை மறுபடி திறக்க இருவருக்குமே விருப்பமில்லை. தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் மூத்தவன், இளையவன் என்று குறிப்போம்.

எங்களில் மூத்தவனுக்குப் புதுக்கோட்டையில் அலுவலகம். வீட்டிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஊர் எல்லையிலிருந்து நகரம் வரை தார்ச்சாலை. இளையவனுக்குத் தைலமரக் காட்டுக்கு அப்பால் கொஞ்சம் புன்செய்யும் முந்திரித் தோப்பும். அதற்குப் போகும் வழி கண்மாய்க் கரை, பிறகு மாட்டுவண்டித் தடம், பிறகு சரளை. விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் ஆறரைக்குத் திரும்பிவிடலாம். ஏழு மணிக்கு மூத்தவன் கிளம்ப வேண்டும். வண்டி ஒன்றே என்றாலும் நேரம் இடிக்கவில்லை. உயரத்திலும் எங்களுக்குள் அரை அங்குல வேறுபாடுதான். இருக்கைத் தண்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். இடித்தது சக்கரம்.

எங்கள் வட்டாரத்து மண்ணைத் தெரியாதவர்களுக்காகச் சற்றுச் சொல்ல வேண்டும். திருமயம், அரிமளம், ஏம்பல் பக்கத்துத் தரை பெரும்பாலும் செம்மண்ணும் செம்புறாங்கல் உதிர்ந்த சரளையும். காய்ந்திருக்கும்போது மேலே கோலிக்குண்டு உருட்டிவிட்டாற்போலச் சிறு கற்கள் கிடக்கும். மெல்லிய டயர் அவற்றின் மேல் நிற்காது, வழுக்கும். மழை பெய்தால் களிம்பாகிப் பிடித்துக்கொள்ளும். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இம்மாவட்டத்தில் வளர்த்திருக்கும் தைலமரக் காடுகளுக்குள் இந்த மண்பாதைகள் நேர்கோடாக ஓடுகின்றன. கோடையில் அந்தப் பாதைகளில் தழையின் வாடை மூக்கைத் துளைக்கும். தைலமரம் நிலத்தடி நீரை என்ன செய்கிறது, காட்டுக்குள் எழுப்பிய வரப்புகள் கண்மாய்க்கு வரும் மழைநீரை என்ன செய்கின்றன என்று எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் மாலை முழுதும் பேசுவார்கள். அது வேறு கட்டுரைக்கானது.

தார்ச்சாலையோ இங்கு அவ்வளவு பழையதில்லை. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கிய பிறகுதான் தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமச் சாலைகளைப் போல எங்கள் பக்கத்துச் சிறு சாலைகளும் ஒவ்வொன்றாகக் கறுத்தன. எங்கள் பிள்ளைப் பருவத்தில் கப்பி ரோடு என்பதே பெரிய ரோடு. அந்தக் கப்பியிலும், கண்மாய்க் கரையிலும், நகரத்துத் தாரிலும் ஒரே சோடிச் சக்கரத்தோடு ஓடிய வண்டியொன்று எங்கள் வீட்டில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அப்பாவின் ஹெர்குலிஸ்.

ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்துவந்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை 1949இல் ஆங்கிலக் கூட்டுறவோடு சென்னையில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தினர், இங்கிருந்து தொலைவில்லாத பள்ளத்தூர்க்காரர்கள். அரிமளமும் நகரத்தார் ஊர்களில் ஒன்று என்பதால், அந்த வண்டியை 'நம்ம ஊர் வண்டி' என்று சொல்வதில் அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு, அவர் நகரத்தார் இல்லாவிட்டாலும்.

அந்த வண்டியில் அப்பாவைவிட அம்மா ஓட்டியதே எங்களுக்கு நினைவிருக்கிறது. 1991–92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்குவித்தார். கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பல்லாயிரக்கணக்கானோர் கற்றுக்கொண்டதை பி. சாய்நாத் நேரில் பார்த்து எழுதினார்; 1996இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இடம்பெற்றிருக்கிறது. பெண்கள் வண்டி கிடைக்காததால் ஆண்கள் வண்டியில் கற்றுக்கொண்டவர்கள் பலர். அதிலும் சிலர் ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள், ஏனெனில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். நூலில் இதைப் படித்தபோது நாங்கள் சிரித்துக்கொண்டோம். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைக்கப்பட்ட பிள்ளை எங்களில் இளையவன். கேரியரில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தவன் மூத்தவன். ரேஷன் கடைக்கும், ராயவரத்து உறவுக்காரர் வீட்டுக்கும், திருமயத்துக்கும்கூட அப்படித்தான் போனோம்.

அம்மா கற்றுக்கொண்டது இரவில். பள்ளிக்கூடத்து மைதானத்தில் அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, அம்மா "விட்றாதீங்க, விட்றாதீங்க" என்று கத்திக்கொண்டே மிதிப்பார். அப்பா எப்போதோ விட்டிருப்பார். அம்மாவின் முழங்கையில் அந்த மைதானத்துச் சரளை தைத்த தழும்பு இன்னமும் உண்டு.

எங்கள் கட்டுரைக்கு நேரடிக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை அது வேதாரண்யத்துக்கருகே கரை கடந்து எங்கள் மாவட்டத்தின் வழியே போயிற்று. விடிந்து பார்த்தால் சாலை என்று ஒன்று இல்லை, மரங்கள்தாம் இருந்தன. மின்சாரம் போன வீட்டில் அப்பாவின் இன்சுலின் சூடேறிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே கையிருப்பும் குறைவு. பேருந்து இல்லை, பைக் போக வழியில்லை. மூத்தவன் ஹெர்குலிஸை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். விழுந்த மரத்துக்கு மேல் வண்டியைத் தூக்கிக் கடத்துவது, முடியாத இடத்தில் சாலையை விட்டுச் செம்மண்ணில் இறங்கிச் சுற்றி வருவது, மறுபடி தாரில் ஏறுவது. இருபது கிலோவுக்குக் குறையாத இரும்பு அது. எத்தனை முறை தூக்கினோம் என்று எண்ணவில்லை. மருந்தோடு வீடு திரும்பியபோது மாலையாகிவிட்டது. அப்பா ஊசி போட்டுக்கொள்ளும் முன்பு, "சக்கரம் கோட்டம் விழுந்துச்சா?" என்றுதான் கேட்டார். விழவில்லை.

2020இல் அப்பா இறந்தார். ஹெர்குலிஸைப் பின்கட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். அடுத்து வாங்குவது எதுவாயினும் இரண்டு வழியிலும் ஓட வேண்டும், ஒரு கையால் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அன்றே முடிவாயிற்று. கிராவல் பைக் என்ற சொல் பின்னர்தான் காதில் விழுந்தது.

வண்டியோடு வந்தவை 42 மில்லிமீட்டர் அகலமுள்ள, கட்டை கட்டையாகப் பிடிமானம் கொண்ட டயர்கள். மண்ணில் அருமையாக ஓடின. தாரில் மட்டும் தேனீக்கூட்டம் துரத்துவதுபோல் ஓர் இரைச்சல். டயரை மட்டும் தினமும் கழற்றி மாற்றுவது நடக்கிற காரியமில்லை. எனவே 2023இல், சேமித்தும் கடன் வாங்கியும் இரண்டாவது சோடிச் சக்கரம் வாங்கினோம்: வழவழப்பான 28 மில்லிமீட்டர் டயர்களோடு. வண்டியின் விலையில் பாதியை அது விழுங்கியது. "சக்கரத்துக்கு இவ்ளோவா?" என்று அம்மா கேட்டதற்கு நாங்கள் சொன்ன தொகை உண்மைத் தொகையன்று.

இனி, இப்படி ஒரு வண்டிக்கு இரண்டு சோடி வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். விற்பவர்கள் 'பத்தே நிமிடம்' என்பார்கள். பத்து நிமிடம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து.

சக்கரத்தைப் பிடித்திருப்பது 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள அச்சு. ஒரு ஆலன் சாவியால் திருகினால் வெளியே வந்துவிடும். ஹெர்குலிஸின் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் நட்டு, மட்கார்டுக் கம்பி, கேரியர்க் கால், செயின் கவர் என்று ஒரு குடும்பத்தையே கலைக்க வேண்டும்; அந்த வகையில் இது சொர்க்கம். தொல்லை அதன்பிறகு. இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் தகடுகள். அளவு ஒன்றே, ஆனால் ஹப்புக்கு ஹப்பு மயிரிழை வித்தியாசம். மண் சக்கரத்துக்குச் சரியாக வைத்த பிரேக், தார்ச் சக்கரத்தைப் போட்டதும் 'சர்ர், சர்ர்' என்று உரசும். 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய வளையங்களைத் தகட்டுக்கு அடியில் கொடுத்துத்தான் இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தோம். சக்கரம் கழன்றிருக்கும்போது பிரேக்கைப் பிடிக்கவே கூடாது என்பதை அடுத்த வீட்டுப் பையன் எங்களுக்குக் கற்பித்தான். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் அது. இடையில் தகடு இல்லாததால் கட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. இப்போது சக்கரம் கழற்றியதும் ஒரு மடித்த அட்டையைச் செருகிவைக்கிறோம். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்குக் கச்சிதம்.

பற்சக்கரத் தொகுதியும் இரண்டு வேண்டும், ஒரே வகையில். செயினோ ஒன்றுதான். தார்ச் சக்கரம் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது, மண் சக்கரம் அதில் பாதிகூட இல்லை. ஆனால் செம்மண் தூசும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அது அதிகம் தேய்க்கும். நாங்கள் இரண்டும் சமமாகிவிடும் என்று கணக்குப் போட்டோம். ஆகவில்லை. ஓராண்டு கழித்துப் புதுச் செயின் போட்டபோது மண் சக்கரத்தில் பாலாக ஓடியது, தார்ச் சக்கரத்தில் அழுத்தி மிதித்தால் பல்லுக்குப் பல் தாவியது. அதன்பின், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இரண்டு தொகுதிகளையும் இடம் மாற்றிப் போடுகிறோம். செயினை முழுதும் தேயும் முன்பே மாற்றிவிடுகிறோம்.

கிலோமீட்டர் காட்டும் கருவியும் பொய் சொல்லும். அகல டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.22 மீட்டர் போகிறது, மெல்லியது 2.13 மீட்டர். கருவியில் அகல டயரின் அளவைக் கொடுத்துவிட்டு மெல்லிய டயரில் ஓடினால், புதுக்கோட்டை கிட்டத்தட்ட 800 மீட்டர் தள்ளிப்போய்விடும். வேகமும் அதற்கேற்பக் கூடும். மூத்தவன் மூன்று மாதம் அந்த வேகத்தைச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தான்.

இவற்றையெல்லாம்விட எங்களைக் குழப்பியது டயர் வாங்கப் போனதுதான். ஊரிலிருக்கும் சைக்கிள் கடை அண்ணன் அகல டயரின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டு இஞ்சிதானே, இருக்கே" என்று ஒன்றை எடுத்துப் போட்டார். எங்கள் டயரிலும் 28 என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அவர் கொடுத்தது ரிம்மில் நிற்காமல் பாவாடை போலத் தொங்கியது. ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளின் 28 அங்குலத்தில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர்; எங்கள் வண்டியின் 28 அங்குலத்தில் அது 622. பெயர் ஒன்று, அளவு இரண்டு. டியூபின் வாலும் வேறு: நம்மூர் வால் டியூப் தடிமன், எங்கள் ரிம்மின் துளை சிறிது. கடைசியில் டயர்களைச் சென்னையிலிருந்து தருவித்தோம். மண் சக்கரத்துக்கு டியூபே வேண்டாமென்று, உள்ளே ரப்பர்ப் பால் ஊற்றி ஓட்டுகிறோம். சீமைக் கருவேல முள் குத்தினால் பால் வெளியே எட்டிப்பார்த்து ஓட்டையை அடைத்துவிடும். எங்கள் வெயிலில் அந்தப் பால் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துபோகிறது என்பதுதான் குறை. மறந்துவிட்டால், ஒரு விடியற்காலையில் தோப்பிலிருந்து வண்டியைத் தோளில் சுமந்து வரலாம்.

வண்டியை நாங்கள் இப்படியாகப் படித்துக்கொண்டிருந்தோம். ஒருவரையொருவர் படித்திருக்கவில்லை.

எங்கள் ஏற்பாடு வாய்ப்பேச்சில் இருந்தது. காலையில் தோப்பிலிருந்து வருபவன் தார்ச் சக்கரத்தைப் போட்டுவைக்க வேண்டும். மாலையில் அலுவலகத்திலிருந்து வருபவன் மண் சக்கரத்தைப் போட்டுவைக்க வேண்டும். முதலாவது தவறியதேயில்லை, ஏனெனில் தவறினால் அடுத்த அரைமணியில் கேள்வி வந்துவிடும். இரண்டாவது தவறத் தொடங்கியது. நாள் முழுதும் அலுவலகத்தில் உட்கார்ந்து, வெயிலில் 20 கிலோமீட்டர் மிதித்து வந்தவனுக்கு, சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம் என்று தோன்றும். சாப்பிட்டதும் காலையில் அவனே மாற்றிக்கொள்ளட்டும் என்று தோன்றும். இளையவன் இரண்டொரு முறை சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். சொல்வதை நிறுத்தியதில்தான் ஆபத்து இருந்தது என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

2023 அக்டோபரில் ஒரு நாள், இரவெல்லாம் தூறல். விடியும் முன்பு, விளக்குப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். முன்பு இரண்டு தடவை மாற்றாமல் இருந்ததைக் கவனித்து மாற்றிக்கொண்ட அதே கைகள் அன்று தடவிப் பார்க்கவில்லை. தெருவில் ஒன்றும் தெரியவில்லை. கண்மாய்க் கரையின் சரிவில் ஏறியதும் முன்சக்கரம் நனைந்த செம்மண்ணுக்குள் கத்தி போல் இறங்கியது. 28 மில்லிமீட்டர், சதுர அங்குலத்துக்கு 75 பவுண்டு காற்று, வழவழப்பு. வேறு என்ன செய்யும்? கரைக்கு உள்பக்கம் விழுந்தோம். தண்ணீர் அவ்வளவாக இல்லாததால் கல்லில் கை ஊன்றியது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மூத்தவன் சொன்ன முதல் வார்த்தை, "பார்த்து எடுத்திருக்கக் கூடாதா?" இதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவனும் மூத்தவனே. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு நேரம், நடுவில் அம்மா. அப்பா போன பிறகு நிலத்தை யார் பார்ப்பது, சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு என்று சொல்லாமல் கிடந்தவை எல்லாம் அந்தச் சக்கரத்தின் மேல் ஏறிக்கொண்டன. 'தார் ரோட்டுக்காரன்', 'காட்டுக்காரன்' என்ற சொற்கள் அம்மாவின் காதுபட விழுந்தன.

அம்மா சமாதானம் எதுவும் பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் இரவு, ஆலன் சாவியை எடுத்துச் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். "டேய், ராத்திரி வந்தவன் சக்கரத்தை மாத்திட்டு இதை எங்கிட்டக் குடுக்கணும். சாவி எங்கைக்கு வராம ஒருத்தனும் படுக்கக்கூடாது. அடுத்தவன் காலைல எங்கிட்டத்தான் வாங்கிக்கணும்." அவ்வளவே. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரவுக் கேள்விகள் மூன்று: கதவு பூட்டியாச்சா, கேஸ் மூடியாச்சா, சக்கரம் மாத்தியாச்சா.

அந்த ஆறு வாரத்தில் இன்னொன்று நடந்தது. தோப்புக்குப் போக ஆளில்லாததால் மூத்தவன் அலுவலகம் போகும் முன்பு அதையும் தானே பார்க்க வேண்டியதாயிற்று. நடுவில் சக்கரம் மாற்ற நேரமில்லை. அகலச் சக்கரத்தோடே தோப்புக்கும் போய், அதே சக்கரத்தோடே புதுக்கோட்டைக்கும் போனான். தார்ச் சக்கரத்தில் 51 நிமிடம் ஆகும் வழி, இதில் 55 நிமிடம் ஆயிற்று. நான்கு நிமிடம். அதற்காகத்தான் வண்டியின் பாதி விலை.

இது உலகத்துக்குப் புதிய செய்தியன்று. மெல்லிய டயரில் கல்லைப்போலக் காற்றடித்தால்தான் வேகம் என்று பந்தயக்காரர்களே நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவில் ஜான் ஹைன் 2000களின் நடுவிலிருந்து தம்முடைய மிதிவண்டி இதழில் சோதித்து, அகல டயர் மெதுவானதில்லை என்று எழுதிவந்தார். 23 மில்லிமீட்டரில் ஓடிய தொழில்முறைப் பந்தயக்காரர்கள் 2010களில் 25க்கும், பிறகு 28க்கும் நகர்ந்தார்கள். கரடுமுரடான சாலையில் கடினமான டயர் வண்டியையும் ஆளையும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலில் நம் மிதிப்பு வீணாகிறது. எங்கள் அகல டயர் நான்கு நிமிடம் இழந்ததும் அகலத்தால் என்பதைவிட அதன் கட்டைப் பிடிமானத்தால் என்றே நினைக்கிறோம்.

மாவுக்கட்டுப் பிரித்த வாரம், இருவருமாகப் பின்கட்டுக்குப் போய் ஹெர்குலிஸின் டயரை அளந்து பார்த்தோம். ஒன்றரை அங்குலம் என்று அச்சிட்டிருந்தது. அதாவது 38 மில்லிமீட்டர். காலம் முழுவதும் அப்பா ஓட்டியது கிராவல் டயர்தான். அதில்தான் அம்மா கற்றுக்கொண்டார். அதில்தான் இன்சுலின் வந்தது.

அப்படியானால் தார்ச் சக்கரத்தை விற்றுவிடலாமே என்று கேட்கலாம். விற்பதாகத்தான் இருந்தோம். இரண்டுக்கும் நடுவே, அதிகப் பிடிமானமில்லாத 38 மில்லிமீட்டர் டயர் ஒரு சோடி போட்டால் வருடத்தில் பத்து மாதம் இரண்டு வேலையும் நடந்துவிடும் என்பதை நாங்கள் இப்போது மறுப்பதில்லை. இரண்டு சோடி வாங்க யோசிக்கும் நண்பர்களுக்கும், முதலில் அதைச் செய்து பாருங்கள் என்றே சொல்கிறோம். ஆனால் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருமயம் கோட்டை வரை போய், அங்கிருந்து நெடுஞ்சாலையில் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பி மிதிக்கும்போது, அந்த மெல்லிய சக்கரத்தில் ஓசையே இருக்காது. காற்று மட்டும் கேட்கும். ஒரு வாரம் மூத்தவன், ஒரு வாரம் இளையவன். நான்கு நிமிடக் கணக்குக்குள் அது வரவில்லை. கடனும் இன்னும் இரண்டு தவணை இருக்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் சட்டம் கடுமை. ஐப்பசி பிறந்தால் மெல்லிய சக்கரங்கள் ஹெர்குலிஸுக்குப் பக்கத்து ஆணிக்கு ஏறிவிடும். தை பிறந்தபின்தான் இறங்கும்.

அம்மாவுக்கு இந்த வண்டியின் மேல் இன்னும் இரண்டு குறைகள். ஒன்று, பார் பின்பக்கம் சரிந்திருப்பதால் அதில் ஒரு பிள்ளையை உட்கார வைக்க முடியாது என்பது. மற்றொன்று காற்று. சாவியை வாங்கிக்கொள்ளும்போது ஒவ்வோர் இரவும் மண் சக்கரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். அதில் நாங்கள் வைப்பது 35 பவுண்டு மட்டுமே, விரல் கொஞ்சம் உள்ளே போகும். "காத்தே இல்லையேடா, ரிம்மு அடிச்சிராதா?" என்பார். குறைந்த காற்று ஏன் நல்லது என்று நாங்கள் மாறி மாறி விளக்கியிருக்கிறோம். நேற்றும் விளக்கினோம். கேட்டுக்கொண்டு, சாவியை மாடத்தில் வைத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை வந்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.